சில்வர்ட்டன்: ஒரு மலை ரயிலும் சுரங்க ஊரும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், சான் ஹுவான் மலைகளுக்கு நடுவே இருக்கிற சில்வர்ட்டனுக்கு ஒருமுறை போய் வந்ததிலிருந்து அதைப் பற்றிப் பேசாமல் என்னால் இருக்க முடிவதில்லை. பேசினால் கேள்விகள் வருகின்றன. பெரும்பாலும் ரயிலைப் பற்றித்தான் கேட்கிறார்கள், ஆனால் சுரங்கத்தைச் சொல்லாமல் ரயிலைச் சொல்ல முடியாது, அங்கே முதலில் இருந்தவர்களைச் சொல்லாமல் சுரங்கத்தையும் சொல்ல முடியாது. அதனால் எல்லாவற்றையும் சேர்த்தே எழுதிவிட்டேன்.

ஊர் எவ்வளவு பெரியது?

மிகச் சின்னது. 2020 கணக்கெடுப்பில் 622 பேர். கடல் மட்டத்திலிருந்து 9,318 அடி உயரம், நான்கு பக்கமும் 12,000, 13,000 அடி மலைகள். சுரங்கம் உச்சத்தில் இருந்த 1910 வாக்கில் இதே ஊரில் இரண்டாயிரம் பேருக்கு மேல் இருந்தார்கள். தார் போட்ட தெரு என்று பார்த்தால் கிரீன் தெரு ஒன்றுதான், மற்றவை மண் தெருக்கள்.

வெள்ளி டன் கணக்கில் கிடைத்ததால்தான் அந்தப் பெயரா?

"எங்களிடம் தங்கம் இல்லை, வெள்ளி டன் கணக்கில் இருக்கிறது" என்று யாரோ சொன்னதாக ஒரு கதை உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான். வெள்ளி கிடைத்தது உண்மை. கூடவே ஈயம், துத்தநாகம், செம்பு, தங்கம் எல்லாம் கிடைத்தன. கடைசியில் ஊரைக் காப்பாற்றியது தங்கம், அதற்குப் பின்னால் வருகிறேன்.

சுரங்கக்காரர்கள் வருவதற்கு முன் அங்கே யார் இருந்தார்கள்?

யூட் பழங்குடி மக்கள். கோடையில் இந்த உயரமான பள்ளத்தாக்குகளில் வேட்டையாடுவார்கள், குளிர்காலத்தில் கீழே இறங்கிவிடுவார்கள். 1860-இல் சார்லஸ் பேக்கர் என்பவர் தங்கம் தேடிக்கொண்டு ஒரு கூட்டத்தோடு வந்தார், பெரிதாக ஒன்றும் தேறவில்லை. ஆனால் தங்கம் என்ற பேச்சு கிளம்பிவிட்டது, கிளம்பிய பிறகு யாராலும் அதை நிறுத்த முடியவில்லை. ஒப்பந்தப்படி யூட்களுக்குச் சொந்தமான நிலத்தில் ஆட்கள் புகுந்து தோண்ட ஆரம்பித்தார்கள். அவர்களை வெளியேற்றுவதற்குப் பதிலாக அரசு நிலத்தையே வாங்கிக்கொண்டது. 1873-இல் போடப்பட்ட புரூனோ ஒப்பந்தம் அது. சுமார் 37 லட்சம் ஏக்கர் மலை, அதற்குப் பதிலாக ஆண்டுக்கு 25,000 டாலர். யூட் தலைவர் யூரேவுக்குத் தனியாக ஆண்டுக்கு 1,000 டாலர் சம்பளம் என்றும் எழுதிக்கொண்டார்கள். ஒப்பந்தம் 1874-இல் அங்கீகாரம் பெற்றது, அதே ஆண்டு சில்வர்ட்டனில் மனை பிரித்தார்கள். இந்த இரண்டு செய்திகளையும் தனித்தனியாகப் படித்தால் ஒன்றும் தோன்றாது, சேர்த்துப் படிக்க வேண்டும்.

தாதுவைக் கழுதை மேல் ஏற்றிக் கொண்டுபோயிருக்கலாமே, ரயில் எதற்கு?

ஆரம்பத்தில் கழுதையும் கோவேறு கழுதையும்தான். ஆனால் பாதையைப் பாருங்கள். கிழக்கே ஸ்டோனி கணவாய், 12,500 அடிக்கு மேல். மாட்டு வண்டிகளை அங்கிருந்து இறக்கும்போது மரத்தில் கயிற்றைச் சுற்றி, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி இறக்கினார்கள். பனி விழுந்தால் அதுவும் இல்லை. இந்தச் செலவில் நல்ல தாது மட்டும்தான் கட்டுப்படியாகும், நடுத்தரத் தாது எல்லாம் சுரங்க வாசலிலேயே குவிந்து கிடக்கும். ரயில் வந்தால் அந்தக் குவியலும் காசாகும், அதுதான் கணக்கு.

ரயிலைக் கொண்டுவந்தது டென்வர் அண்ட் ரியோ கிராண்டே கம்பெனி. நிறுவியவர் வில்லியம் ஜாக்சன் பால்மர், அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் படையின் ஜெனரலாக இருந்தவர். அவருடைய முதல் திட்டம் தெற்கே மெக்சிகோவை நோக்கிப் போவது. ராட்டன் கணவாயைப் போட்டிக் கம்பெனி முந்திப் பிடித்துவிட்டதால் மேற்கே மலைச் சுரங்கங்கள் பக்கம் திரும்பினார். 1880-இல் டுராங்கோ என்ற ஊரைக் கம்பெனியே உருவாக்கியது. ஏற்கெனவே அருகில் இருந்த அனிமாஸ் சிட்டி கம்பெனியின் நிபந்தனைகளுக்கு ஒத்துவரவில்லை, அதனால் பக்கத்திலேயே புது ஊர். சில்வர்ட்டனில் இருந்த உருக்காலையும் டுராங்கோவுக்கு இடம் மாறியது, ஏனென்றால் நிலக்கரி அங்கேதான் இருக்கிறது, உயரமும் குறைவு. ஆக, மலை மேலே தாது, கீழே கரியும் உருக்காலையும், நடுவில் 72 கிலோமீட்டர் பள்ளத்தாக்கு.

ஏன் நாரோ கேஜ்?

நாரோ கேஜ் என்றால் இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே அகலம் குறைவான பாதை. இங்கே அது மூன்று அடி, அதாவது 914 மில்லிமீட்டர். நமக்குப் பழக்கமான மீட்டர் கேஜைவிடக் கொஞ்சம் குறுகல். பால்மர் 1870-இல் தேனிலவுக்காக பிரிட்டன் போயிருந்தபோது வேல்ஸில் ஃபெஸ்டினியாக் ரயிலைப் பார்த்தார். அது கற்பலகைச் சுரங்கங்களுக்காகப் போட்ட, இரண்டடிக்கும் குறைவான பாதை. புது மனைவியோடு போன இடத்தில் தண்டவாளத்தை அளந்துகொண்டிருந்த மனிதர்! குறுகிய பாதை என்றால் வளைவை இறுக்கமாகப் போடலாம், பாறையைக் குறைவாக வெட்டினால் போதும், என்ஜினும் பெட்டியும் மலிவு. மலையில் இதெல்லாம் பெரிய மிச்சம். பல் சக்கரம் எதுவும் கிடையாது, சாதாரணச் சக்கரமும் தண்டவாளமும் பிடித்துக்கொள்கிற பிடிப்பிலேயே ஏறுகிறது. டுராங்கோவிலிருந்து சில்வர்ட்டன் வரை சுமார் 2,800 அடி ஏற்றம்.

அந்தப் பள்ளத்தாக்கில் தண்டவாளம் எப்படிப் போட்டார்கள்?

1881 இலையுதிர் காலத்தில் ஆரம்பித்து 1882 ஜூலையில் முடித்துவிட்டார்கள். நடுவில் ஒரு முழுக் குளிர்காலம் இருந்தது என்பதை மறக்கக் கூடாது. கடினமான இடம், வழியில் ராக்வுட் என்ற இடத்தைத் தாண்டியதும் வருகிற ஹை லைன். செங்குத்தான கருங்கல் பாறையில் வெடி வைத்து, ஒரு ரயில் மட்டும் போகிற அளவுக்கு ஓர் அலமாரித் தட்டு மாதிரி வெட்டியிருக்கிறார்கள்.

நான் போனது செப்டம்பர் கடைசியில், ஆஸ்பென் மரங்கள் மஞ்சளாகிற நேரம். அந்த இடத்தில் ரயில் நடக்கிற வேகத்துக்கு வந்துவிடுகிறது. ஒரு பக்க ஜன்னலில் பாறை, கையை நீட்டினால் தொட்டுவிடலாம் போல அவ்வளவு பக்கம், அதில் வெடிமருந்து வைக்கத் துளைத்த நீள வடுக்கள் இன்னும் தெரிகின்றன. இன்னொரு பக்க ஜன்னலில் தரையே இல்லை, சில நூறு அடி கீழே பச்சை நிறத்தில் அனிமாஸ் ஆறு. பெட்டியில் அதுவரை பேசிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் வாயை மூடிக்கொண்டார்கள். அந்தத் துளை ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் குளிரில் நின்று போட்டிருக்கிறார் என்பதுதான் எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

சில்வர்ட்டனுக்கு அப்பாலும் ரயில் போனதாமே?

ஆமாம், ஒன்றல்ல, மூன்று. அவற்றில் இரண்டைப் போட்டவர் ஓட்டோ மியர்ஸ், மூன்றாவதும் பின்னால் அவர் கைக்கு வந்தது. அன்றைய ரஷ்யப் பேரரசில் பிறந்த யூதர், அனாதையாக அமெரிக்கா வந்த சிறுவன். யூட் மொழி பேசுவார், யூரேவுக்குச் சம்பளம் கொடுக்கச் சொன்ன யோசனையும் இவருடையதுதான். முதலில் மலைகளில் சுங்கச் சாலைகள் போட்டார், அப்புறம் ரயில். 1887-இல் தொடங்கிய சில்வர்ட்டன் ரயில்ரோடு 11,000 அடிக்கு மேல் ஏறி ரெட் மவுண்டன் சுரங்கங்களுக்குப் போனது. கார்க்ஸ்க்ரூ கல்ச் என்ற இடத்தில் வளைவு போட இடமே இல்லாததால், மெயின் லைனிலேயே ஒரு டர்ன்டேபிள், அதாவது சுழலும் மேடை, வைத்து என்ஜினைத் திருப்பினார்கள். இன்னொரு பாதை யுரேகா வழியாக அனிமாஸ் ஃபோர்க்ஸ் வரை, மூன்றாவது கிளாட்ஸ்டோனுக்கு. 1942-க்குள் மூன்றும் போய்விட்டன. அவர் வேண்டியவர்களுக்கு வெள்ளிக் கம்பி வேலைப்பாட்டில் செய்து கொடுத்த ஃப்ரீ பாஸ்களை மட்டும் சேகரிப்பாளர்கள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

1893-இல் என்ன ஆனது? இந்தியாவுக்கு அதில் பங்கு உண்டு என்கிறார்களே?

உண்டு, எனக்கு இந்த வரலாற்றிலேயே மிகவும் பிடித்த இடம் இது. அமெரிக்க அரசு 1890 சட்டப்படி மாதம் 45 லட்சம் அவுன்ஸ் வெள்ளி வாங்கிக்கொண்டிருந்தது, அதனால் விலை ஓரளவு நின்றது. உலகத்தில் வெள்ளியை இழுத்துக்கொண்டிருந்த இன்னொரு பெரிய இடம் இந்தியா, நம் ரூபாயே வெள்ளி. யார் வேண்டுமானாலும் வெள்ளியைக் கொண்டுபோய் பம்பாய், கல்கத்தா நாணயச்சாலைகளில் ரூபாயாக அடித்து வாங்கலாம். 1893 ஜூன் 26-இல் ஆங்கிலேய அரசு அதை நிறுத்தியது. சில நாட்களிலேயே வெள்ளி விலை அவுன்ஸுக்கு 80 சென்டுக்கு மேலிருந்து 65-க்கும் கீழே போனது. கொலராடோவில் அந்த வாரமே சுரங்கங்கள் மூட ஆரம்பித்தன. நவம்பரில் அமெரிக்க அரசும் வாங்குவதை நிறுத்தியது. மியர்ஸ் அப்போதுதான் கட்டி முடித்திருந்த ரியோ கிராண்டே சதர்ன் ரயில் திவாலானது, வெள்ளியை மட்டும் நம்பிய பல ஊர்கள் காலியாகின. சில்வர்ட்டனைச் சுற்றியிருந்த சன்னிசைடு, கோல்டு கிங் போன்ற சுரங்கங்களில் தங்கம் இருந்ததால் இந்த ஊர் தப்பித்தது.

சுரங்கத்தில் வேலை எப்படி இருந்தது?

சுரங்க வாசல்கள் ஊரில் இல்லை, மலை உச்சிக்குப் பக்கத்தில். அதனால் ஆட்கள் அங்கேயே போர்டிங் ஹவுஸில் தங்கினார்கள். ஓல்டு ஹண்ட்ரட் சுரங்கத்தின் போர்டிங் ஹவுஸ் இன்றைக்கும் 12,000 அடிக்கு மேல் ஒரு பாறை விளிம்பில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது, கீழே இருந்து பார்த்தால் குருவிக் கூடு மாதிரி. தாதுவைக் கீழே இறக்குவதற்குக் கம்பிவடத்தில் தொங்குகிற இரும்பு வாளிகள். அந்த வாளியிலேயே ஆட்களும் ஏறி வருவார்கள், நடந்தால் பனிச்சரிவு பயம்.

சரி, பனிச்சரிவும் வெடியும் கண்ணுக்குத் தெரிகிற ஆபத்து. தெரியாதது தூசி. காற்றழுத்தத்தில் ஓடுகிற துளைக்கருவி வந்தபோது வேலை வேகமானது, ஆனால் அது காய்ந்த பாறையைத் துளைத்து மாவு மாதிரித் தூசியைக் கக்கும். சில வருடம் சுவாசித்தால் நுரையீரல் இறுகிவிடும். அந்தக் கருவிக்கே "விதவையாக்கி" என்று பெயர் வைத்திருந்தார்கள். துளைக்கும் கம்பியின் நடுவே தண்ணீர் பாய்ச்சித் தூசியை அடக்கும் கருவியை டென்வரைச் சேர்ந்த லெய்னர் 1890-களின் கடைசியில் செய்தார், அது எல்லாச் சுரங்கங்களுக்கும் வந்து சேர வெகு காலம் ஆயிற்று. தொழிலாளர் சங்கம் 1909-இல் ஊரில் சொந்தமாக ஒரு மருத்துவமனையே கட்டியது.

அதே சங்கக்காரர்கள் முன்னின்றுதான் 1902-இல் ஊரில் சலவைக் கடையும் சாப்பாட்டுக் கடையும் நடத்திக்கொண்டிருந்த சீனர்களை விரட்டினார்கள். ஊரின் பெருமையைப் பேசும்போது இதை விட்டுவிடுகிறார்கள், விடக் கூடாது.

ரயில் நின்றுபோனால் ஊர் என்ன செய்யும்?

காத்திருக்கும். 1884-இல் பனிச்சரிவு பாதையை மூடி 73 நாள் ரயில் வரவில்லை. பனி என்றால் பஞ்சு மாதிரிப் பனி இல்லை. சரிவு வரும்போது மரத்தையும் பாறையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வரும், இறங்கினதும் சிமென்ட் மாதிரி இறுகிவிடும், என்ஜின் முன்னால் மாட்டுகிற பனிக்கலப்பை அதில் ஒன்றும் செய்ய முடியாது. ஆட்கள் மண்வெட்டியால்தான் வெட்ட வேண்டும். பழைய போட்டோக்களில் சரிவின் ஊடாகவே குகை வெட்டி அதற்குள் ரயில் போவதைப் பார்க்கலாம். 1911 அக்டோபரில் வெள்ளம் வந்து பாதையை மைல் கணக்கில் அடித்துக்கொண்டு போனது, குளிர்காலம் இறுகுவதற்குள் மறுபடி போட்டாக வேண்டும் என்று ஓடி ஓடிப் போட்டார்கள்.

1918-இல் வேறு விதமான அடி. இன்ஃப்ளூயன்சா சில வாரங்களில் ஊரில் ஏறக்குறைய பத்தில் ஒருவரைக் கொண்டுபோனது. தனித்தனியாகக் குழி தோண்ட ஆள் இல்லாமல் ஹில்சைடு கல்லறையில் ஒரே குழியில் பலரைப் புதைத்தார்கள்.

சுரங்கம் மூடிய பிறகும் ரயில் எப்படி ஓடுகிறது?

ஆச்சரியம்தான். இதே கம்பெனியின் மற்ற நாரோ கேஜ் பாதைகள் ஒவ்வொன்றாகப் பிடுங்கப்பட்டன. இரண்டாம் உலகப் போரின்போது கே-28 ரக என்ஜின்கள் பத்தில் ஏழை ராணுவம் அலாஸ்கா பக்கம் கொண்டுபோனது, அவை திரும்பவே இல்லை. மீதி மூன்று, எண் 473, 476, 478. போருக்குப் பிறகு சரக்கு குறைந்தது, ஆனால் வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் கூடிக்கொண்டே போனார்கள், ஹாலிவுட்காரர்களும் வந்து படம் எடுத்தார்கள். டுராங்கோவை வெளியுலகத்தோடு இணைத்த கிழக்குப் பாதை 1960-களின் கடைசியில் மூடப்பட்டபோது, இந்த 72 கிலோமீட்டர் மட்டும் எதோடும் சேராத தனித் துண்டாக நின்றது. 1981-இல் சார்லஸ் பிராட்ஷா என்ற ஃபுளோரிடா ஆரஞ்சுத் தோட்டக்காரர் அதை வாங்கினார். 1989 பிப்ரவரியில் டுராங்கோ லோகோ ஷெட் தீப்பிடித்து எரிந்தது, உள்ளே ஆறு என்ஜின்கள். ஆறையும் சரிசெய்து ஓட்டினார்கள்.

விலை உயர்ந்த உலோகம் மட்டும் 30 கோடி டாலருக்கு மேல் இந்தப் பாதையில் இறங்கியிருக்கிறது என்பது ரயில்காரர்கள் சொல்லும் கணக்கு. இன்று சரக்கே கிடையாது, ஏறுவது ஆட்கள் மட்டும். அவர்கள் இரண்டு மணி நேரம் இறங்கிச் சாப்பிட்டு, எதையாவது வாங்கிப் போனால்தான் ஊருக்கு வருமானம்.

ஏரி உடைந்து சுரங்கத்துக்குள் விழுந்தது உண்மையா?

உண்மை. சன்னிசைடு சுரங்கத்துக்கு நேர் மேலே எம்மா ஏரி. நல்ல தங்க ரேகை ஒன்றைத் தொடர்ந்து மேல்நோக்கி வெட்டிக்கொண்டே போனார்கள். 1978 ஜூன் 4 அன்று ஏரியின் அடி உடைந்து மொத்தத் தண்ணீரும் சுரங்கத்துக்குள் இறங்கி, சேறும் கட்டையும் இயந்திரமுமாகக் கீழே கிளாட்ஸ்டோன் பக்கச் சுரங்க வழியில் பீறிட்டது. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. உள்ளே ஒருவரும் இல்லை. வேறு எந்த நாளாக இருந்தாலும் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே முடியவில்லை. ஊருக்கு மேலே மலைச்சரிவில் 1959-இல் வைத்த இயேசு சிலை இருக்கிறது, சுரங்கங்கள் மறுபடி திறக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு வைத்தது. அவர்தான் காப்பாற்றினார் என்று ஊரில் பலர் நம்புகிறார்கள். சுத்தம் செய்து மறுபடி திறக்க இரண்டு வருடம் பிடித்தது. 1991-இல் சன்னிசைடு நிரந்தரமாக மூடியது, அதோடு ஊரின் பெரிய சுரங்கங்கள் முடிந்தன.

ஆறு மஞ்சளானது எப்போது? ஏன்?

2015 ஆகஸ்ட் 5. பழைய கோல்டு கிங் சுரங்கத்தின் வாசலில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் ஆட்கள் வேலை செய்துகொண்டிருந்தபோது அடைப்பு திறந்துகொண்டு, உள்ளே தேங்கியிருந்த ஒரு கோடி லிட்டருக்கு மேற்பட்ட தண்ணீர் வெளியே பாய்ந்தது. சிமென்ட் கிரீக் ஓடை வழியாக அனிமாஸ் ஆற்றில் கலந்து, டுராங்கோவைத் தாண்டி நியூ மெக்சிகோ, நவஹோ மக்களின் நிலம் வரை மாம்பழச் சாறு நிறத்தில் போனது. நவஹோ உழவர்கள் வாய்க்காலை மூடிவிட்டுப் பயிர் வாடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

காரணம் அன்றைக்கு நடந்த தவறு மட்டும் இல்லை. இந்த மலைகளில் இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் நிறைய. மலையைக் குடைந்தால் காற்றும் தண்ணீரும் அதைத் தொடும், கந்தக அமிலம் உண்டாகும், அந்த அமிலம் ஈயம், காட்மியம், துத்தநாகம் எல்லாவற்றையும் கரைத்துக்கொண்டு வரும். சுரங்கம் மூடினாலும் இது நிற்காது. சிமென்ட் கிரீக்கில் சுரங்கத்துக்கு முன்பே இயற்கையாக இந்தக் கசிவு கொஞ்சம் இருந்தது என்பதும் உண்மை, ஆனால் அதைச் சொல்லி மீதியைத் தள்ளிவிட முடியாது. சன்னிசைடின் பெரிய சுரங்கவழியைக் கான்கிரீட்டால் அடைத்த பிறகு உள்ளே நீர்மட்டம் ஏறி, பக்கத்துச் சுரங்கங்கள் வழியாகக் கசிய ஆரம்பித்தது என்று பலர் சுட்டிக்காட்டுகிறார்கள். மத்திய அரசின் சூப்பர்ஃபண்ட் சுத்திகரிப்புப் பட்டியலில் பெயர் வந்தால் சுற்றுலா கெட்டுவிடும் என்று ஊர் பல வருடம் எதிர்த்தது, 2016-இல் ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு செப்டம்பரில் பட்டியலில் சேர்ந்தது.

நிலக்கரி என்ஜின் காட்டுக்கு ஆபத்து இல்லையா?

ஆபத்துதான். 2018 ஜூனில் டுராங்கோவுக்கு வடக்கே பிடித்த தீ 54,000 ஏக்கரை எரித்தது. ரயிலின் தீப்பொறிதான் காரணம் என்று அரசு வழக்குப் போட்டது, 2022-இல் ரயில் கம்பெனி 2 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. அப்புறம் என்ஜின்களை எண்ணெயில் ஓடும்படி மாற்றினார்கள். எனக்குக் கரிப்புகை பிடிக்கும், ஒரு ஃபயர்மேன் போய்த் திரும்புவதற்குள் ஆறு டன் கரியை மண்வாரியால் அள்ளிப் போட்டதைப் பார்ப்பதே ஒரு அனுபவமாக இருந்தது. ஆனாலும் மழை பொய்த்த கோடையில் அந்தக் காட்டுக்குள் பொறி பறக்க ஓட்டுவதற்கு நியாயம் சொல்ல முடியாது. மாற்றியது சரி.

போய்ப் பார்க்க நினைத்தால்?

டுராங்கோவிலிருந்து ஒரு வழிக்கு மூன்றரை மணி நேரம். குளிர்காலத்தில் ரயில் சில்வர்ட்டன் வரை போகாது, பாதியில் காஸ்கேடு பள்ளத்தாக்கோடு திரும்பிவிடும், எனவே கோடையில் போங்கள். ஜூலையிலும் ஸ்வெட்டர் வேண்டும். உயரத்தால் தலைவலி வரும், தண்ணீர் நிறையக் குடியுங்கள். முடிந்தால் ஒரு ராத்திரி தங்குங்கள், கடைசி ரயில் கிளம்பின பிறகு ஊர் வேறு மாதிரி இருக்கும்.

ஜூலையில் போனால் ஹார்டுராக் ஓட்டப் பந்தயத்தைப் பார்க்கலாம். சுரங்கத் தொழிலாளர்கள் நினைவாக 1992-இல் தொடங்கிய நூறு மைல் பந்தயம், பழைய சுரங்கப் பாதைகளில் இரவும் பகலும் ஓடி வருவார்கள். முடிவில் கோடு கிடையாது. காட்டு ஆட்டின் தலை வரைந்த பெரிய பாறை ஒன்று நிறுத்தியிருக்கிறார்கள். ஓடி வருகிறவர்கள், சேறு அப்பின முகத்தோடு, குனிந்து அந்தப் பாறையை முத்தமிட வேண்டும்.